கற்றுத்தராததில் போட்டி வைப்பது அநீதி

ஏற்காட்டில் ஒரு குழந்தை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்பதை வைத்தே அது ஓர் ஓவியரின் பெயரைக் கேள்விப்படுமா, படாதா என்பது முடிவாகிவிடுகிறது. சேர்வராயன் மலையின் உச்சியில் நூறாண்டு கடந்த விடுதிப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே ஓவிய அறை உண்டு, இசைக் கருவிகள் உண்டு, நாடக மேடை உண்டு. அதே மலையின் சரிவுகளில் மலையாளிப் பழங்குடியினரின் பிள்ளைகளும் காப்பித் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் படிக்கும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளும் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் இருக்கின்றன. அங்கே ஓவிய ஆசிரியர் என்றொருவர் இருப்பதே அபூர்வம். இது தற்செயலாக நேர்ந்ததல்ல. சட்டம் எழுதியவர்களும் நிதி ஒதுக்கியவர்களும் தெரிந்தே செய்த ஏற்பாடு. அது நியாயமா என்பதே இந்தத் தலையங்கம் எழுப்பும் கேள்வி. நியாயமில்லை என்பதே நம் தீர்ப்பு. காரணங்களைச் சொல்கிறோம்.

விடுதிப் பள்ளிகளைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. சேக்ரட் ஹார்ட் கான்வென்ட் 1894-லும் மாண்ட்போர்ட் பள்ளி 1917-லும் இந்த மலையில் தொடங்கப்பட்டவை. கலையைப் படிப்பின் ஓர் அங்கமாக வைத்ததால் என்ன விளையும் என்பதற்கு அவை நல்ல சான்று. நடிகர் விக்ரம் மாண்ட்போர்ட்டில் படித்தவர். பள்ளி நாடகக் குழுவில் திரைக்குப் பின்னால் வேலை பார்த்துக்கொண்டிருந்த சிறுவன், முதன்மை வேடக்காரருக்கு அம்மை போட்டதால் மோலியேர் நாடகமொன்றில் அந்த வேடத்தை ஏற்றான் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை. அந்தச் சிறுவனுக்குத் திறமை இருந்தது உண்மை. ஆனால் அவன் படித்த பள்ளியில் மேடை இருந்தது, நாடகம் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது, பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாடகாசிரியர் ஒருவரின் பெயர் அவன் காதில் விழுந்திருந்தது. அதே வயதில், அதே மலையில், சில கிலோமீட்டர் தள்ளி ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு மலையாளிச் சிறுவனுக்குத் திறமை இல்லை என்று யார் சொல்ல முடியும்? அவனுக்கு இல்லாமல் போனது மேடைதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது கல்வி உரிமைச் சட்டம். அதன் அட்டவணை, ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர்கள் வேண்டும் என்று வரையறுக்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் சேர்ந்திருந்தால் கலைக்கல்வி, உடற்கல்வி, தொழிற்கல்வி மூன்றுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்கிறது. இந்த ஒரே வரியில் மூன்று அநீதிகள் இருக்கின்றன. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை, அதாவது குழந்தை கிறுக்கவும் பாடவும் ஆடவும் சலிக்காத வயதில், கலைக்கென்று யாரையும் அது கேட்கவில்லை. கேட்கும் இடத்திலும் பகுதிநேரம் போதும் என்கிறது. நூறு பேர் இல்லாத பள்ளிக்கு அதுவும் கிடையாது.

நூறு என்ற அந்த எண்ணை மலையில் வைத்துப் பாருங்கள். மலைக் கிராமங்கள் சிறியவை. ஒரு முகட்டில் முப்பது வீடு, அடுத்த பள்ளத்தில் இருபது வீடு. பள்ளிகளும் அதற்கேற்றவாறு சிறியவை. சமவெளி ஊரில் எளிதில் எட்டிவிடும் நூறு என்ற எண்ணிக்கை மலைச்சரிவில் எட்டாக் கனி. யாருக்குக் கலைக்கல்வி கிடைக்க வேறு வழியே இல்லையோ அவர்களைத் தேடிப்பிடித்து விலக்குவதுபோல அமைந்திருக்கிறது அந்த விதி. சேலத்தில் ஒரு பிள்ளைக்குப் பள்ளியில் ஓவியம் இல்லையென்றால் தெருக்கோடியில் ஒரு பயிற்சி வகுப்பு இருக்கும். மாவட்ட அரசு இசைப்பள்ளி சேலத்தில் இருக்கிறது. கலை பண்பாட்டுத் துறையின் மண்டல மையமும் கீழேதான். இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இருக்கும் குழந்தை ஒவ்வொரு வாரமும் பஸ் ஏறி வந்து பாட்டுக் கற்றுக்கொள்ளும் என்று யார் எதிர்பார்க்கிறார்கள்?

சரி, நூறைத் தாண்டிய பள்ளிகளின் நிலை என்ன? தமிழ்நாடு அரசு 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி முதலிய பாடங்களுக்காக 16,549 பகுதிநேரப் பயிற்றுநர்களை நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய் சம்பளம். அது 7,000 ஆகி, 7,700 ஆகி, 10,000 ஆகி, 2023 அக்டோபரில் அறிவித்த உயர்வையும் சேர்த்து 12,500 ரூபாயைத் தொடப் பதினோரு ஆண்டுகள் பிடித்தன. இந்த ஆண்டுகளில் மே மாதம் வந்தால் சம்பளமே கிடையாது. கோடை விடுமுறையில் பள்ளிக்கூடம் மூடியிருக்கலாம், ஆசிரியரின் வீட்டு அடுப்பும் மூடியிருக்குமா? பணி நிரந்தரம் செய்வோம் என்பது 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. தந்த 181-ஆவது வாக்குறுதி. அதை நினைவூட்ட அந்த ஆசிரியர்கள் எத்தனை முறை சென்னைக்கு வந்து தெருவில் உட்கார்ந்தார்கள் என்பதை நாடறியும். நியமித்த அ.தி.மு.க. ஆட்சி அவர்களைப் பகுதிநேரமாகவே வைத்திருந்தது. வாக்களித்த தி.மு.க. ஆட்சி வாக்கை ஆண்டுக்கணக்கில் ஆறப்போட்டது. இந்தப் பாவத்தில் இரண்டு கட்சிக்கும் பங்கு உண்டு. நிரந்தரச் சிறப்பாசிரியர் பணிக்கு 2017-இல் தேர்வு அறிவித்தபோது, ஓவியம், இசை, தையல், உடற்கல்வி நான்கும் சேர்ந்து மாநிலம் முழுமைக்குமான இடங்கள் 1,325.

இனி அந்தப் பக்கத்தையும் பார்ப்போம். 2022–23 கல்வியாண்டில் பள்ளிக்கல்வித் துறை அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழாவைத் தொடங்கியது. பள்ளி அளவில் தொடங்கி, வட்டாரம், மாவட்டம் என்று ஏறி மாநில மேடைவரை போகும் போட்டிகள். வென்றவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்று பட்டம். சிறந்தவர்களுக்கு வெளிநாட்டுப் பயணம். அரசுப் பள்ளிப் பிள்ளையின் பறையும் பாட்டும் ஓவியமும் பெரிய மேடையில் ஒளிவெள்ளத்தில் வந்து நின்றது தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றில் நல்ல நிகழ்ச்சி. அதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் போட்டி என்பது கற்பித்தலுக்குப் பின்னால் வர வேண்டியது. கணக்கு ஆசிரியரே இல்லாத பள்ளியில் கணக்குத் தேர்வு வைத்து, தோற்ற பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினால் ஊர் சும்மா இருக்குமா? ஓவியத்தில் நாம் அதைத்தான் ஆண்டுதோறும் செய்துகொண்டிருக்கிறோம். களிமண்ணைத் தொட்டுப் பார்க்காத குழந்தையைக் களிமண் சிற்பப் போட்டிக்கு அழைக்கிறோம். சுருதிப் பெட்டியைக் கண்ணால் காணாத குழந்தையைப் பாடச் சொல்கிறோம். யாருக்கு வீட்டில் ஏற்கெனவே கலை இருக்கிறதோ, யாருக்குத் தனியே பயிற்சி வைக்கப் பெற்றோருக்கு வசதி இருக்கிறதோ, அந்தப் பிள்ளை ஜெயிக்கிறது. மற்றவர்கள் தங்களுக்குக் கலை வராது என்று அந்த வயதிலேயே நம்பிவிடுகிறார்கள். பள்ளி கற்றுத் தரவில்லை என்ற உண்மை அந்தத் தோல்விக்குள் மறைந்துபோகிறது. இதைவிடப் பெரிய அநீதியை ஒரு குழந்தைக்குச் சத்தமில்லாமல் செய்துவிட முடியாது.

கேரளம் இதில் நமக்குப் பாடமாகவும் எச்சரிக்கையாகவும் இருக்கிறது. பள்ளிக் கலோற்சவத்தை அவர்கள் 1957-இலேயே தொடங்கிவிட்டார்கள். பெரிய பாடகர்களும் நடிகர்களும் அந்த மேடையிலிருந்து வந்தார்கள். கூடவே, காசு உள்ள வீட்டுப் பிள்ளைகள் தனிப்பயிற்சியும் விலையுயர்ந்த உடுப்புமாக வந்து நிற்பதும், பரிசு தவறினால் மேல்முறையீட்டுக்கு ஓடுவதும் அங்கே தீராத விவாதம். போட்டியை மட்டும் வளர்த்தால் கலை காசுள்ளவன் கைக்குப் போய்விடும். அந்த வழியில் நாமும் போக வேண்டியதில்லை.

இலங்கைத் தமிழர்களைப் பாருங்கள். அங்கே க.பொ.த. சாதாரண தரத் தேர்வில் சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் ஆகியவை மதிப்பெண் உள்ள பாடங்கள். பாடம் என்றால் ஆசிரியர் வேண்டும், பாடநூல் வேண்டும், வாரத்தில் நேரம் வேண்டும். அந்தக் கட்டாயம் ஆண்டுதோறும் பல்லாயிரம் பிள்ளைகளை ஒரு கலையின் அடிப்படைக்குள் கொண்டுபோய் விடுகிறது. யாழ்ப்பாணத்தில் ஓவியர் மாற்கு போருக்கு நடுவிலும் இளைஞர்களுக்கு ஓவியம் கற்பித்தார். அவரிடம் படித்தவர்கள் பின்னாளில் ஈழத்து நவீன ஓவியத்தின் முக்கியப் பெயர்களானார்கள். குண்டு விழுந்த ஊரில் நடந்த வேலை, கோடைக் குளிருக்குப் பேர்போன மலையில் நடக்கவில்லை என்றால் குறை எங்கே இருக்கிறது?

ஒரு குழந்தைக்குக் கலையையும் கலைஞரையும் அறிமுகம் செய்வதால் என்ன நடக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். சேலம் மாவட்டத்திலிருந்து 1997-இல் பிரிந்த நாமக்கல்லில் 1919-இல் பிறந்தவர் பி.எம். சீனிவாசன். அந்தச் சிறுவன் வரைந்ததைப் பார்த்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை, இவனைச் சென்னை எழும்பூர் ஓவியப் பள்ளியில் சேருங்கள் என்றார். கவிஞர் தாமே ஓவியர். கவிஞராக அறியப்படுவதற்கு முன்பு தூரிகைதான் அவருக்குச் சோறு போட்டது. அதனால் சிறுவனின் கோட்டில் இருப்பது என்ன என்று அவருக்குத் தெரிந்தது. சீனிவாசன்தான் பிறகு 'சில்பி' ஆனார். ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து அவர் வரைந்த சிற்பங்களும் கோபுரங்களும் தமிழ் வீடுகளுக்குள் தமிழ்நாட்டுச் சிற்பக்கலையைக் கொண்டுபோயின. நாமக்கல்லில் அன்று அந்த ஒரு ஜோடிக் கண்கள் இல்லாமல் போயிருந்தால் சில்பி ஏதோ ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதிக்கொண்டு இருந்திருப்பார். யாரும் எதையும் இழந்ததாக உணர்ந்திருக்கவும் மாட்டோம். கலை மறுக்கப்படும்போது நேரும் இழப்பு இப்படிக் கணக்கில் வராத இழப்பு. அதனால்தான் அரசுகளால் எளிதாகத் தப்பித்துக்கொள்ள முடிகிறது.

திருச்சி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து சென்னை வந்த இளைஞர் கே.எம். ஆதிமூலத்துக்குச் சிற்பி எஸ். தனபால் கிடைத்தார். தனபால் வழிகாட்ட, ஆதிமூலம் சென்னைக் கலைப் பள்ளியில் சேர்ந்தார். 1969-இல் காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்கள் இன்றும் பேசப்படுகின்றன. தமிழ்ச் சிற்றிதழ்களின் அட்டைகளும் புத்தகங்களின் முகப்பும் அவர் கைபட்டு மாறின. நாமக்கல் சிறுவனுக்கு ஒரு கவிஞர், திருச்சி இளைஞருக்கு ஒரு சிற்பி. ஏற்காட்டுச் சிறுவனுக்கு யார்? தற்செயலாக எதிர்ப்படும் நல்லவரை நம்பி ஒரு தலைமுறையை விட்டுவைக்க முடியாது. அந்த நல்லவரின் இடத்தில் சம்பளத்தோடு ஒருவரை உட்கார வைப்பதற்குப் பெயர்தான் பள்ளிக்கூடம்.

தமிழ்நாட்டுக்குக் கலைக்கல்வி புதிதல்ல. சென்னையில் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் தொடங்கிய கலைப் பள்ளி நாட்டின் மிகப் பழைய கலைப் பள்ளிகளுள் ஒன்று. 1929-இல் அதன் பொறுப்பேற்ற முதல் இந்தியர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. அவருக்குப் பின் 1957-இல் முதல்வரானவர் கோயம்புத்தூரில் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர். அவர் முன்நிற்க, ஓவியர்கள் பாத்திக் துணிகள் செய்து விற்ற பணத்தில் நிலம் வாங்கி 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை எழுப்பினார்கள். அரசு கைகொடுக்கும்வரை காத்திராமல் கலைஞர்கள் தம் உழைப்பில் கட்டிய ஊர் அது. இந்த வரலாறு நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஏற்காட்டிலிருந்தும் பள்ளிச் சுற்றுலாவில் மெரினாவுக்குப் பிள்ளைகள் போகிறார்கள். உழைப்பாளர் சிலைக்கு முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான்கு பேர் பாறையை நெம்பும் அந்தச் சிலையையும் அதே கடற்கரையின் காந்தி சிலையையும் வடித்தவர் ராய் சௌத்ரி, இரண்டும் 1959-இல் நிறுவப்பட்டவை என்று யாரும் சொல்வதில்லை. தோள் எங்கே இறுகியிருக்கிறது, கால் எப்படி ஊன்றியிருக்கிறது, பாறை நகரப் போகிறது என்று நமக்கு ஏன் தோன்றுகிறது என்று ஐந்து நிமிடம் கேட்டால் போதும். அந்தக் குழந்தை அடுத்த முறை எந்தச் சிலையையும் வெறுமனே கடந்துபோகாது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ரவி வர்மாவின் அசல் ஓவியங்கள் இருக்கின்றன. காலண்டரில் பார்த்த அந்தப் பாணியை அசலில் பார்ப்பது என்ன என்று காட்ட ஒரு நாள் போதும்.

சென்னை தொலைவு என்றால் மலையடிவாரம் இருக்கிறது. சேலத்துக்கு அருகே தாரமங்கலத்தில் கெட்டி முதலியார்கள் எழுப்பிய கைலாசநாதர் கோயில் நிற்கிறது. ராமன் மறைந்து நின்று வாலியைக் குறிவைக்கும் சிற்பத்தைப் பாருங்கள். ராமன் நிற்கும் தூணிலிருந்து வாலி தெரிவான், வாலியின் இடத்திலிருந்து ராமன் தெரிய மாட்டான். கதையைக் கல்லில் செதுக்கியதோடு நில்லாமல், பார்வைக் கோட்டையும் தூண்களின் இடைவெளியையும் கணக்கிட்டு அந்தச் சிற்பி கதையின் சூழ்ச்சியைப் பார்ப்பவரின் கண்ணுக்குள்ளேயே நிகழ்த்துகிறான். சிற்பம், இலக்கியம், வடிவியல் மூன்றையும் ஒரே தூணில் கற்பிக்கக்கூடிய வகுப்பறை அது. ஏற்காட்டுக்கு ஏறும் சாலையிலேயே மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவு இருக்கிறது. டி.ஆர். சுந்தரம் நடத்திய அந்தப் படநிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. முதல் மலையாளப் பேசும்படம் 'பாலன்' 1938-இல் அங்கிருந்துதான் வந்தது. தமிழின் முதல் வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் வந்ததும் அங்கிருந்துதான். மேட்டூர்ப் பக்கம் கூத்துக் கலைஞர்கள் இன்றும் விடிய விடிய ஆடுகிறார்கள். 'மணல்வீடு' இதழாசிரியர் மு. ஹரிகிருஷ்ணன் அவர்களை ஒன்றுதிரட்டிப் பயிற்சியும் மேடையும் கிடைக்கப் பாடுபட்டு வருகிறார். கலைஞர்கள் எங்கோ இல்லை, மலைக்குக் கீழேயே இருக்கிறார்கள். அவர்களைப் பள்ளிக்கு அழைத்துவரத்தான் ஆளில்லை.

கலை அறிமுகம் என்றால் மேலிருந்து கீழே இறக்குமதி செய்வது என்ற எண்ணமும் தவறு. சேர்வராயன் மலைவாழ் மக்களுக்குத் தங்கள் பூர்வீகம் காஞ்சிபுரம் என்றொரு கதை உண்டு. சகோதரர் மூவரில் மூத்தவர் சேர்வராயன் மலைக்கும், நடு அண்ணன் பச்சைமலைக்கும், சின்ன அண்ணன் கொல்லிமலைக்கும் போய்க் குடியேறினார்கள் என்று சொல்வார்கள். சேர்வராயன் கோயில் விழாவிலும் ஊர் மாரியம்மன் நோன்பிலும் பாட்டும் கும்மியும் உண்டு. பாட்டி பாடும் பாட்டைப் பள்ளியில் பாடச் சொல்லும் ஆசிரியர், அந்தக் குழந்தையிடம் உன் வீட்டில் இருப்பதும் கலைதான் என்று சொல்லிவிடுகிறார். அங்கிருந்து பணிக்கருக்கும் சில்பிக்கும் போவது எளிது. அதைச் சொல்லாமல் பிக்காசோவின் பெயரை மனப்பாடம் செய்யவைப்பது பொது அறிவு வினாடி வினாவுக்கு மட்டுமே உதவும்.

எதிர்வாதங்கள் உண்டு. அவற்றுள் வலுவானது இது: மலைப்பள்ளிகளில் எழுதப் படிக்கவே பிள்ளைகள் திணறுகிறார்கள், பாட ஆசிரியர்களே போதவில்லை, இதில் ஓவியம் வேறா? இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் அக்கறையை மதிக்கிறோம். ஆனால் எழுத்தும் ஒரு கோடுதான். கை பழகாமல் எழுத்து பழகாது. 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை அரசு கொண்டுவந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமே பாட்டையும் ஆடலையும் பொம்மையையும் வைத்துத்தான் எழுத்து சொல்லித் தருகிறது. கலை வழியே படிப்பு ஏறும் என்று அரசுக்கே தெரியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? கணக்குக்கும் கலைக்கும் பகை இல்லை என்பதற்கு நம் வாசல் கோலமே சாட்சி. 1970-களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் புள்ளிக் கோலங்களை ஆராய்ந்து, அதிலிருந்து கணினி அறிவியலுக்கு வடிவ இலக்கணங்களை எழுதினார்கள். பள்ளிக்கூடம் போகாத பாட்டியின் விரலில் இருந்ததைத்தான் அவர்கள் சூத்திரமாக்கினார்கள்.

கலை சோறு போடுமா என்பது இன்னொரு கேள்வி. எல்லாப் பிள்ளைகளும் ஓவியராக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வரலாறு படிக்கும் எல்லாரும் மன்னராவதில்லை, செய்யுள் படிக்கும் எல்லாரும் கவிஞராவதில்லை. அவற்றைப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டோமா? அதோடு, இந்தக் கேள்வியை ஏழைப் பிள்ளையிடம் மட்டும் கேட்கிறோம் என்பதையும் கவனியுங்கள். லட்சக்கணக்கில் கட்டணம் கட்டும் வீட்டுப் பிள்ளை பியானோ கற்றால் அது ஆளுமை வளர்ச்சி. கூலி வேலை செய்யும் வீட்டுப் பிள்ளை படம் வரைந்தால் அது வீண்வேலை. இந்தப் பாகுபாட்டுக்குக் கல்வியியல் காரணம் எதுவும் கிடையாது.

எல்லாம் யூடியூபில் இருக்கிறது, திறன் பலகை வைத்துவிட்டோம், அதில் காட்டினால் போதாதா என்பது மூன்றாவது வாதம். காட்டட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் களிமண்ணின் ஈரம் திரையில் தெரியாது. தவறாகப் போட்ட கோட்டைப் பார்த்து "பரவாயில்லடா, இங்கிருந்து இழு" என்று திரை சொல்லாது. கிரண் சேத் 1977-இல் தொடங்கிய 'ஸ்பிக் மேகே' இயக்கம் பெரிய இசைக் கலைஞர்களை நேரே பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் அழைத்துப்போவதை ஏன் கொள்கையாக வைத்தது? மனிதரின் முன்னால் உட்கார்ந்து கேட்பதற்கு மாற்று இல்லை என்பதால்தான். பக்கத்துக் கர்நாடகத்தில் கலைகளுக்கான இந்திய அறக்கட்டளை 'களி கலிசு' என்ற பெயரில் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கே கலைவழிக் கற்பித்தலைப் பயிற்றுவிக்கிறது. வழி இருக்கிறது, மனம்தான் வேண்டும்.

ஆகவே நாம் கேட்பவை இவை. முதலாவதாக, நூறு பிள்ளைகள் என்ற வரம்பை மலைப்பகுதிகளில் தமிழ்நாடு அரசு தானாகவே தளர்த்த வேண்டும். சட்டம் சொல்வது குறைந்தபட்சம். அதற்கு மேல் செய்யாதே என்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஏற்காட்டுப் பள்ளிகளை அருகருகே உள்ள தொகுப்புகளாகப் பிரித்து, தொகுப்புக்கு ஒரு முழுநேர ஓவிய ஆசிரியரும் ஓர் இசை ஆசிரியரும் வாரத்தில் ஒரு நாள் ஒவ்வொரு பள்ளிக்கும் போய் வரட்டும். போக்குவரத்துப் படி கொடுங்கள். மலையில் நடந்தேறிப் பாடம் நடத்துபவரிடம் பஸ் டிக்கெட்டுக் கணக்குப் பார்க்க வேண்டாம். இரண்டாவதாக, பகுதிநேரப் பயிற்றுநர்களுக்குக் காலவரையறையோடு பணி நிரந்தரம் வேண்டும். அரைநாள் சம்பளத்தில் அரைவயிறாக வாழ்பவரிடம் குழந்தைக்கு அழகுணர்ச்சி ஊட்டு என்று கேட்கும் தார்மீக உரிமை யாருக்கும் இல்லை.

மூன்றாவது கோரிக்கைக்குப் பெரிய செலவே இல்லை. ஆண்டுதோறும் மே மாதம் ஏற்காட்டில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கின்றன. அரசு செலவில் கலைஞர்கள் மலையேறி வந்து சுற்றுலாப் பயணிகள் முன் ஆடிப் பாடிவிட்டு இறங்குகிறார்கள். அப்போது பள்ளிகளுக்கு விடுமுறை. அந்தக் கலைஞர்களில் சிலரைப் பள்ளி நடக்கும் மாதங்களில் ஒருமுறை அழைத்து, உறைவிடப் பள்ளிகளில் இரண்டு நாள் தங்கவைத்தால் என்ன? பறை எப்படிக் காய்ச்சுவது, பொய்க்கால் எப்படிக் கட்டுவது, கூத்து முகத்துக்கு எந்த வண்ணம் ஏன் என்று பிள்ளைகள் கேட்கட்டும், தொட்டுப் பார்க்கட்டும். சுற்றுலாத் துறைக்கும் பள்ளிக்கல்வித் துறைக்கும் பழங்குடியினர் நலத்துறைக்கும் நடுவே ஒரு கடிதம் போனால் நடந்துவிடும் காரியம் இது. நான்காவதாக, கலைத் திருவிழா தொடரட்டும். ஆனால் எந்தக் கலையில் போட்டி வைக்கிறார்களோ அந்தக் கலை அந்தப் பள்ளியில் அதற்கு முன் ஒரு பருவமாவது கற்பிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று விதி வையுங்கள். அந்த ஒரு விதி துறையின் நேர்மையைச் சோதித்துவிடும்.

மலையின் தனியார் விடுதிப் பள்ளிகளுக்கும் ஒரு சொல். உங்கள் ஓவிய அறையும் மேடையும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை பக்கத்துக் கிராமப் பள்ளியின் பிள்ளைகளுக்குத் திறக்கட்டும். தானமாக அல்ல, ஒரே மலையின் தண்ணீரைக் குடிப்பவர்கள் என்ற முறையில். உங்கள் பிள்ளைகளுக்கும் அதில் கற்றுக்கொள்ள இருக்கிறது. கும்மியின் அடவும் மலைப்பாட்டின் மெட்டும் தெரிந்த தோழன் ஒருவன் அவர்களுக்குக் கிடைப்பான்.

சக ஆசிரியர்களிடமும் நாம் வாய்மூடி இருக்கப்போவதில்லை. கால அட்டவணையில் எழுதியிருக்கும் டிராயிங் பீரியடைக் கணக்கு சாரும் சயின்ஸ் டீச்சரும் கடனாக வாங்குவது எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது. அந்தக் கடன் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்டு மேலிடம் நெருக்குகிறது என்பது தெரியும். ஆனாலும் குழந்தைக்கு வாரத்தில் கிடைக்கும் அந்த ஒரே ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்வது திருட்டு. தலைமையாசிரியர்கள் அதை அனுமதிப்பது திருட்டுக்கு உடந்தை. பெற்றோரும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கழிப்பறை, குடிநீர் பற்றிக் கேட்பதோடு, என் பிள்ளை இந்த மாதம் என்ன வரைந்தது, என்ன பாடியது என்றும் கேட்கத் தொடங்க வேண்டும். கேட்காத எதையும் எந்த அரசும் தானாகத் தந்ததில்லை.

ஒரு சமூகம் தன் குழந்தைகளில் யாருக்குச் சோறு, யாருக்கு அழகு என்று பிரித்துவைக்குமானால் அந்தச் சமூகம் சமத்துவத்தைப் பற்றிப் பேசத் தகுதியற்றது. மலைவாழ் குழந்தைக்கு இலவசச் சீருடையும் காலை உணவும் தந்ததோடு கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள், அந்தக் குழந்தைக்கு வயிறு மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். கற்றுத்தராத கலையில் போட்டி வைத்து, பட்டம் கொடுத்து, படம் எடுத்துக்கொள்வது கலைக்குச் செய்யும் மரியாதை ஆகாது. இந்தக் குற்றத்துக்கு மத்திய அரசின் சட்டம் பொறுப்பு, மாறி மாறி ஆண்ட மாநில அரசுகள் பொறுப்பு, கேளாமல் இருந்த நாமும் பொறுப்பு. அடுத்த கலைத் திருவிழாவுக்குத் தேதி குறிக்கும் முன், ஏற்காட்டு மலைப்பள்ளிகளுக்கு முழுநேர ஓவிய ஆசிரியரை அனுப்புங்கள். அதைச் செய்யாமல் மேடை போடுவதற்கு அரசுக்கு உரிமை இல்லை.